எல்லைக்கல்லுக்குப் பூசிய மஞ்சள்

ஆதிமூலம் மஸ்கட்டில் டிரைவர் வேலைக்குக் கிளம்பியது ஓர் ஆடி வெள்ளி. அவன் ஏறிய ஆட்டோ அடி அண்ணாமலை ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே பக்கத்து மனையில் பிரகாஷ் செங்கல் இறக்க ஆரம்பித்துவிட்டான்.

ஆதிமூலத்தின் மனைவி மணிமொழி வெளியே ஓடி வந்து பார்த்தாள். அவர்கள் வீடு உள்ளே தள்ளி இருந்தது. கிரிவலப் பாதைக்கு வர, பிரகாஷின் மனையை ஒட்டிய சந்து ஒன்றுதான் வழி. அந்தச் சந்து அவர்களுடையது என்பதற்கு ஓரத்தில் நட்டிருந்த எல்லைக்கல்தான் சாட்சி. கல் ஒரு முழம் நகர்ந்தால் பைக் கூட உள்ளே வராது.

"மதில் எதுவரைக்கும்பா எடுக்கற?"

"என் எடத்துலதாங்க்கா. உங்க சந்தச் சுருட்டி எடுத்துக்கினா போய்டுவேன்?"

சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளிச் சரம் ஒன்றைச் சுற்றினாள். மஞ்சள் பூசிய கல்லில் எவன் கடப்பாரையை வைப்பான்?

எவனும் வைக்கவில்லை. மதில் கல்லுக்கு அந்தப் பக்கமே எழுந்தது. ஆனால் பௌர்ணமி வந்தது. மலை சுற்ற வந்த கூட்டத்தில் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அடுத்த பௌர்ணமிக்கு யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். ஐப்பசியில் சந்து முழுக்கக் கும்பல். விளக்குகளிலிருந்து சிந்திய எண்ணெய் வழுக்கி மணிமொழியே விழுந்தாள்.

"இது வெறும் எல்லைக்கல்லுங்க" என்றவளிடம் ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டே, "அப்படிச் சொல்லாதம்மா, குடும்பத்துக்கு ஆவாது" என்றாள்.

இது எல்லைக்கல்தான் என்று சொல்ல வைக்க, மனு கொடுத்து சர்வேயரை வரவழைத்தாள். அவர் சந்து முனையிலேயே செருப்பைக் கழற்றினார்.

"சார், நான்தான் சார் மஞ்சள் பூசினேன்."

"இருக்கட்டும்மா. மஞ்சளச் சொரண்டிப் பாத்தாதான் கல்லுல சர்வே குறி தெரியும். நான் புள்ளகுட்டிக்காரன், என்ன உட்டுடு."

மதிலுக்கு மேலிருந்து பிரகாஷ் எட்டிப் பார்த்தான். "சாமிய உண்டாக்கினது நீங்க. சுத்தி வர எடம் உடணும் இல்ல? உங்க சந்து இருக்கவே இருக்கு!"

அதற்குப் பிறகு புருஷன் போனில் பேசும்போதெல்லாம் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை.

மாசி முடியும் தறுவாயில் பிரகாஷிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

"அக்கா, ஊர்ல கூடிப் பேசிட்டாங்க. கல்லுக்கு மண்டபம் கட்டப் போறாங்களாம். உங்க சந்தும் போய்டும், என் மதிலயும் இடிக்கணுமாம். நாளைக்குக் காலைல இடிக்க வர்றாங்க. நான் ஒருத்தன் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்களும் வந்து நில்லுங்கக்கா."