பற்றரியைக் குடித்த இரண்டாவது திரை

என் லப்டொப்புடன் இணைத்துப் பாவிக்க ஒரு கையடக்கத் திரை வாங்கத் திருகோணமலை நகரில் ஒரு கடைக்குப் போனேன். "இதுக்கு வேற கரண்ட் தேவையில்லை அக்கா, இந்த ஒரு வயர் போதும்" என்றார் கடைக்காரர். மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பதிப்பகம், வேலைக்கான சோதனையாக எட்டுப் பக்கங்களை வடிவமைத்துப் பதினொரு மணிக்குள் அனுப்பச் சொன்னது. அனுப்ப வேண்டிய நாள் காலை பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. அப்போது பற்றரியில் அறுபது வீதம் இருந்ததால் நான் பயப்படவில்லை. அரைமணி நேரத்தில் அது பதினெட்டாகிவிட்டது. இன்னும் இரண்டு பக்கங்கள் மிச்சம்.

உப்புவெளியிலிருந்து வந்திருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். "அந்தத் திரை உங்கட பற்றரியை எல்லோ குடிக்குது! எட்டுப் பக்கம் செய்யத் தெரியுது, இது தெரியேல்லையோ? கழட்டுங்கோ அக்கா!"

கழற்றினேன். லப்டொப் திரையை மட்டும் வைத்து வேலையை முடித்து, பதினொரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்க அனுப்பினேன். வேலை கிடைத்தது.

இப்போது அந்தத் திரையைத் தனியாக ஒரு பவர் பேங்கில் செருகித்தான் பாவிக்கிறேன். திரை வாங்கப் போகிறவர்களிடம், சொந்த லப்டொப்பையே கடைக்குக் கொண்டுபோய், திரையை இணைத்து, சார்ஜர் இல்லாமல் சிறிது நேரம் ஓட்டி, பற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்கிறேன்.