கணக்கு மாஸ்டர் கேட்ட கேள்வி

மல்லாவிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, கணக்கு மாஸ்டர் தன் கதையைத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்து, "டீச்சர், இதை உங்களுக்கு முதலே சொன்னனானோ?" என்று கேட்பார். போர்நிறுத்தத்தில் பாதை திறந்த அடுத்த வருடம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது, முதல் நியமனம். புளியங்குளத்தில் சித்தி வீட்டில் இருந்து வந்துபோனேன். அவர் மாங்குளத்தில் தங்கை குடும்பத்தோடு இருந்தார். பள்ளிக்கூடம் விட்டபின் பஸ் வர அரை மணி நேரமாகும், சில நாட்களில் ஒரு மணி நேரமும் ஆகும். அந்த நேரம் முழுவதும் அவர் தன்னைப் பற்றித்தான் கதைப்பார். தாய் ஆசுபத்திரியில் கிடந்த மாதத்தில் தங்கைகளுக்குச் சமைத்து, பாற்கஞ்சிக்குச் சீனி என்று உப்பை அள்ளிப் போட்டது. கடைக்குட்டியை நித்திரையாக்கப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தாலாட்டாகப் பாடியது. இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டுப் புத்தகச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது. நாற்பதை நெருங்கியவர், கலியாணம் செய்யாதவர். வெள்ளைச் சேட்டின் பையில் எப்போதும் ஒரு சிறிய கொப்பி இருக்கும்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி என் அம்மா எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். "ஆம்பிளையள் தங்கட கதையைச் சொல்லுறது சும்மா இல்லைப் பிள்ளை. ஒண்டில் பெருமைக்கு, இல்லாட்டில் மனசில ஏதோ எண்ணத்தோட." அப்பாவோடு இருபது வருடம் வாழ்ந்து அவர் கண்டுபிடித்தது அது. அதை நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. உப்புக் கஞ்சியில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதால், மாஸ்டருக்கு என்மேல் எண்ணம்தான் என்று முடிவுகட்டினேன். சந்தியில் நிற்பவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள் என்று கூசினேன். நேரே சொல்லித் தடுக்கத் துணிவில்லை. வேறொரு வழி கண்டுபிடித்தேன்.

ஒருநாள் அவர், பத்து வயதில் தகப்பனோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியதைச் சொல்லத் தொடங்கினார். வழமைபோல, முதலே சொன்னனானோ என்று கேட்டார். அவர் அதைச் சொன்னதே இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு கதையைக்கூட அவர் என்னிடம் இரண்டு தரம் சொன்னதில்லை. ஆனாலும் நான், "ஓம் மாஸ்டர், சொன்னீங்கள்" என்றேன்.

"முழுக்கச் சொன்னனானோ?"

"ஓம், முழுக்க. போன கிழமை."

 அவர் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். கதையைத் தொடரவில்லை. நான் செய்தது இவ்வளவு சுலபமாகப் பலித்ததே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த நாட்களிலும் அதையே செய்தேன். அவர் எதைத் தொடங்கினாலும், கேட்ட கதை என்றேன். ஒவ்வொரு தரமும் அவர் எழுதிக்கொண்டார். ஒரு மாதத்தில் அவர் கதைப்பதையே விட்டுவிட்டார். சந்தியில் எனக்கு மரியாதையாக ஐந்தடி தள்ளி நின்றார்.

அந்தப் பள்ளித் தவணை முடிவில் அவர் வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அழுதார்கள். வெளிநாட்டுக்குப் போகப்போகிறார் என்று ஆசிரியர் அறையில் கதை அடிபட்டது. இரண்டு கிழமைக்குப் பிறகு அவருடைய புத்தகங்களை எடுத்துப்போக வந்த தங்கை என்னைத் தேடி வந்து, நீங்கள்தானே பஸ்ஸுக்கு நிற்கிற டீச்சர் என்று கேட்டார். அண்ணனின் தலைக்குள், போரில் பாய்ந்து எடுக்க முடியாமல் போன செல் குண்டுத் துண்டு ஒன்று இருப்பதை அவர்தான் சொன்னார். ஞாபகம் மெல்லக் குறையலாம், சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கினால் கவனிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம்.

"நாங்கள் கேட்ட கதையையும் கேக்கேல்லை எண்டுதானே சொல்லுவம். அதால எங்களை அவர் நம்பேல்லை. வெளியாள் பொய் சொல்லாது எண்டு உங்களிட்டக் கேட்டுப் பாத்தவர். இனித் தான் படிப்பிச்சால் பிள்ளையளின்ர சோதினை பாழாப் போகுமாம்."

தங்கை எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாங்குளத்துக்குப் போனேன். மாஸ்டர் வீட்டு வளவில் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். கை மண்ணைத் தட்டிவிட்டு எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்பதையும், வெட்கத்தை விட்டு, சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிவில் அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது இரக்கம்.

"உங்களுக்கு நல்ல மனம், டீச்சர். தங்கச்சி சொல்லி வந்தனீங்களோ?"

இல்லை, சத்தியமாக நான் அந்தக் கதைகளைக் கேட்டதே இல்லை என்றேன். வேண்டுமானால் வீட்டைவிட்டு ஓடிய கதையை இப்போது சொல்லுங்கோ, எனக்கு அது எப்படி முடிந்தது என்று தெரியாது என்று கெஞ்சினேன். அவர் கச்சானை ஒரு கடதாசியில் சுற்றி என் கையில் தந்து, பஸ் போய்விடும் என்றார். பிறகும் இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை, அண்ணை தோட்டத்தில் நிற்கிறார் என்று தங்கை வாசலிலேயே சொன்னார். ஒரு பொய்யை நம்பவைக்க எனக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. உண்மையை எப்படி நம்பவைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஆண்கள் யாராவது தங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், என் மனம் உடனே ஒரு காரணத்தைச் சொல்லும். நான் அதை நம்புவதில்லை. அதற்காக எல்லோரும் மாஸ்டரைப் போன்றவர்கள் என்றும் இல்லை. வெறும் பெருமைக்காரரையும் கண்டிருக்கிறேன். ஆனால் யார் எவர் என்று பிரித்தறிய என்னால் முடியும் என்ற நிச்சயம் போய்விட்டது. என் கணவர் சாப்பாட்டு மேசையில் தன் பழைய கதையை எடுத்தால், கேட்டதென்றால் கேட்டதென்பேன், கேளாததென்றால் கேளாததென்பேன். இவள் ஏன் இதிலெல்லாம் இவ்வளவு கறார் என்று அவருக்கு விளங்குவதில்லை.

யுத்தம் முடிந்த கோடையில் வவுனியா முகாமில் உறவினரைத் தேடிப் போனபோது, தண்ணீர் வரிசையில் மாஸ்டரின் தங்கையைக் கண்டேன். பாதியாகியிருந்தார். அண்ணன் முள்ளிவாய்க்காலில் செத்துப்போய்விட்டார் என்று, வேறு யாரோ வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். மாங்குளத்தை விட்டு வெளிக்கிட்ட நாளில் இருந்து, எந்த ஊரில் எத்தனை நாள் இருந்தோம், யார் யாரை எந்த மரத்தடியில் குழிதோண்டித் தாட்டோம் என்பதெல்லாம் மாஸ்டர் தங்கையின் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

"ஒரு பேரையும் பிழையாச் சொல்லேல்லை. எண்டாலும் ஒவ்வொருக்காலும் என்னட்டச் சரிதானே எண்டு கேப்பார். சரி அண்ணை எண்டு சொன்னால், நான் தன்னைத் தேற்றச் சொல்லுறன் எண்டு நினைப்பார்."

அந்த வரிசையில் நின்றுகொண்டு அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் சுட்டது. வரிசை இரண்டு முறை நகர்ந்தது. அவர் வாளியை நகர்த்தி வைத்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் சொன்னதுதான் சரி" என்றார். "அண்ணைக்கு ஒண்டும் இல்லை."

தண்ணீர்க் குழாய்க்கு இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் தன் முறை வரும்வரை அதையே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.