பாதியில் தூக்காத கை

பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் 'நோயற்றவர்கள் தேவை' என்ற தாளைப் பார்த்த அந்த நிமிடமே பேர் கொடுத்துவிடத் தோன்றியது. மூக்கு வழியாக நுரையீரலுக்குள் கமரா விட்டுச் சிறு துணுக்கு எடுப்பார்களாம். மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரலோடு ஒப்பிட நல்ல நுரையீரல் வேண்டுமாம். என்னிடம் ஒன்று இருந்தது. உயிரியல் படிக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அக்காவிடம் போனில் சொன்னேன்.

"நோவு நொடி இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போற மொத ஆளு நம்ம லயத்து வீடுகள்ல நீதான். எங்கிட்ட ஒளிக்கிற மாதிரி நோவு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குக் கசப்பு மருந்து அடித்தார்கள். தமிழ் பேசிய தாதி, "பேச வராது. முடியலன்னா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்" என்றார். படிவத்திலும் அப்படித்தான் இருந்தது: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

குழாய் குரல்வளையைத் தாண்டியதும் மூச்சு இல்லை. இருந்தது, ஆனால் இல்லாத மாதிரி. இருமல் கிளம்பிக் குழாயில் முட்டித் திரும்பியது. கண்ணில் நீர் வழிந்தது. கை தொடை மேலேயே கிடந்தது. அதை யாரும் கட்டவில்லை. ஆனாலும் தூக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் சொன்ன அளவு பால் கொண்டுவராதவர்களுக்கு அரை நாள் கூலி; அதற்கு அரைப் பேர் என்று சொல்வார்கள். தராசுக்குப் பக்கத்தில் எல்லார் முன்னாலும் கங்காணி அதைச் சத்தமாகச் சொல்வார். அம்மாவுக்கு அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். குழாய் உள்ளே இருந்த நேரம் முழுக்க எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

முடிந்ததும் டாக்டர், "ஹரிம ஹொந்தய்" என்று பாராட்டினார். இவ்வளவு அசையாமல் கிடந்தவர்கள் குறைவு என்று சிங்களத்தில் சொல்லி, அடுத்த தடவையும் வருவேன்தானே என்று கேட்டார். தொண்டை மரத்துக் கிடந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து வெறும் தண்ணீர் குடித்தாலும் நெஞ்சு அடைக்கிறது. இரண்டாவது தடவைக்கு இன்னும் நான்கு நாள். நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையத் தூக்குனா வுட்ருவாங்கன்னா தூக்க வேண்டியதுதானே?"

"பாதியில எந்திரிச்சா அரைப் பேரு மாதிரி ஆயிருமேன்னு..."

அக்கா கொஞ்ச நேரம் சிரித்தாள். "அங்க யாருடி ஒனக்குப் பேரு போடுறா? கங்காணியா? நான்தான் பால் வாளிய வச்சுட்டு ஓட முடியாது. ஒனக்கு என்ன?"

தாதியிடம் சொல்லப் போவதைக் காலையிலிருந்து பழகிப் பார்க்கிறேன். "நான் வரவில்லை" வரைக்கும் சரியாக வருகிறது. பின்னாலேயே காய்ச்சல், பரீட்சை, தோட்டத்தில் ஒரு சாவு என்று ஏதாவது ஒரு காரணம் வாயில் வந்து நிற்கிறது. நாளை ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன். அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.