வாய் திறந்த சிப்பிகள்

பேச்சிமுத்து வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டே நரைத்தவன். எழுமலைப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். பிழைக்க வழியில்லாமல் மதுரைக்கு வந்து, ரயிலடி ஓட்டலில் பாத்திரம் துலக்கி, மெல்ல அடுப்படிக்குள் நுழைந்து, யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில் துரைமார் பேர் சொல்லிக் கேட்கிற சமையல்காரனாகிவிட்டான். ஓட்டலில் வாய் திறக்க மாட்டான். பழங்காநத்தத்து வீட்டுக்கு வந்துவிட்டால் அவன் அளப்புத் தாங்காது. அதிலும் தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வரும் கடல் சிப்பியைப் பற்றி ஆரம்பித்தால் பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்கே எச்சில் ஊறும். சிப்பியைக் கத்தியால் நெம்பித் திறந்து, பாதி ஓட்டிலேயே சதையை வைத்து, மேலே வெண்ணெய், தட்டிய பூண்டு, மிளகுத்தூள், கொஞ்சம் ரொட்டித்தூள். கங்கின்மேல் கம்பி வலையில் வைத்தால் ஓரம் சுருண்டு கொதிக்கும். எலுமிச்சை பிழிந்து சுடச்சுட வாயில் போட வேண்டும். "நாக்குல அப்பிடியே கரையும், பாத்துக்க," என்பான்.

கேட்டுக் கேட்டு அவன் பெண்டாட்டி சோணையம்மாளுக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. விழுந்த நேரம்தான் பொல்லாதது. அவள் மாசமாக இருந்தாள். அதற்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மாசமாக இருப்பவள் ஆசைப்பட்டதைத் தின்னாவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பேச்சிமுத்து பயந்து போனான். ஓட்டல் பட்லரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு காலையில் ஈரச் சாக்கில் சிப்பிகளைக் கொண்டுவந்து வீட்டு மூலையில் வைத்தான். கோடை பிறந்துவிட்டதால் அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி வரத்து.

"தொடாத. சாயங்காலம் வந்து நானே செஞ்சு தாரேன்," என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினான்.

ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அதில்தான். ஊர்ப்பட்ட அளப்பு அளந்தவன் அந்த ஒரு வார்த்தையையும் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சோணையம்மாள் கண்மாய் நத்தை தின்று வளர்ந்தவள். நத்தையைப் பிடித்து வந்ததும் பானைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். உள்ளே இருக்கும் சேற்றையெல்லாம் கக்கிவிடும். பிறகுதான் சமைப்பது. இதுவும் ஓட்டுக்குள் இருக்கிற ஜீவன்தானே என்று நினைத்தாள். அலுத்து வருகிறவனுக்கு ஒரு வேலை குறையட்டுமே என்று, வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிணற்றில் நல்ல தண்ணீர் இறைத்து அண்டாவில் ஊற்றி, சிப்பிகளை உள்ளே போட்டாள்.

சாயங்காலம் அவன் வெண்ணெயும் ரொட்டியுமாக வந்தபோது அடுப்பில் கங்கு தயாராக இருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க பாருங்க, எல்லாம் தானாவே வாயத் தெறந்துருச்சு. உங்களுக்கு நெம்புற வேல மிச்சம்."

அவன் ஒன்றை எடுத்து ஓட்டைத் தட்டினான். உயிரிருந்தால் உடனே மூடிக்கொள்ளும். மூடவில்லை. இன்னொன்றைத் தட்டினான். எல்லாம் செத்துக் கிடந்தன. கடல் ஜீவன் நல்ல தண்ணீரில் பிழைக்காது. செத்த சிப்பி ஆளைக் கொல்லும். ஓட்டலில் அவனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான்.

"தின்னியா? ஒண்ணாவது தின்னியாடி?" என்று அவன் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

"இல்லங்க. நீங்க வரட்டும்னுதேன் இருந்தேன்."

கொல்லையில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினான். காரணத்தை அப்போதுதான் சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கண்மாயில் இறங்கி நத்தை பொறுக்கினான். ஓட்டலில் துரைமார் தின்று போட்ட சிப்பி ஓடுகளைப் பொறுக்கி வந்து தேய்த்துக் கழுவினான். வெந்த நத்தைச் சதையை அந்த ஓடுகளில் வைத்து, வெண்ணெயும் பூண்டும் மிளகும் சேர்த்து, ஓட்டலில் செய்கிற மாதிரியே கங்கில் வாட்டிக் கொடுத்தான்.

"இதுதேன் அந்த ருசியா?" என்று கேட்டாள்.

"தெரியல புள்ள. நான் ஒருநாளும் தின்னதில்ல."

அவள் ஓட்டை நீட்டிய அவன் கையைப் பார்த்தாள். பிறகு ஒன்று விடாமல் தின்று முடித்தாள். "ஆச தீந்துருச்சுங்க," என்றாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பெண் பிறந்து தங்கியது. தங்கப்பொண்ணு என்று பேர் வைத்தார்கள். தினமும் வேலைக்குப் போகுமுன் அவன் அதன் காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். பல் முளைக்கிற சமயத்தில் ஒரு காதில் ஈரம் கசிந்தது. அப்புறம் சீழ். எந்த வைத்தியத்துக்கும் கேட்கவில்லை.

பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் கேட்டே விட்டான். இதைச் சோணையம்மாளே என்னிடம் சொன்னாள்.

"அன்னைக்கு நெசமாவே ஒனக்கு ஆச தீந்துச்சா?"

"பல்லு மொளைக்கைல இதெல்லாம் வாரதுதேன்."

"நான் அதக் கேக்கல."

அவள் புதுப் பஞ்சை எடுத்துத் திரித்தாள். "அந்தச் சிப்பி ஓடுகளத் தேச்சுத் தேச்சு உங்க கை அம்புட்டும் கிழிஞ்சு கெடந்துச்சு. நான் எப்பிடிங்க இல்லைன்னு சொல்லுவேன்?"