ரேடியோவில் நான் போட்ட பிரேக் சத்தம்

நம்ம ஊர் ரேடியோவில் தினமும் காலையில் வரும் கார் ரிப்பேர் நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். அது தொடங்கியதே தற்செயலாகத்தான். ஒருநாள் டாக்டர் பேட்டிக்கு டாக்டர் வரவில்லை. வாசலில் ரேடியோ நிலையத்து வேனைச் சரிசெய்துகொண்டிருந்த மெக்கானிக் சலீம் பாயையும் அவர் மச்சானையும் உள்ளே உட்கார வைத்தார்கள். அன்று சிரிக்க ஆரம்பித்த ஊர் இன்னும் நிறுத்தவில்லை.

இன்று நான் மாட்டினேன்.

காரில் வேலைக்குப் போகும்போது, விரிஞ்சிபுரம் தாண்டியதும் பிரேக்கை மிதித்தால் பயங்கரச் சத்தம். ஓரங்கட்டி, ரேடியோவுக்குப் போன் செய்தேன்.

"சத்தம் எப்டி வருது? பண்ணிக் காட்டுங்க மேடம்," என்றார் பாய்.

"க்ர்ர்ரீச்."

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா. மச்சானுக்குக் காது கம்மி."

மூன்று தடவை பண்ணினேன்.

"இன்னா வேலை செய்றீங்க?"

"ஆம்பூர்ல ஷூ கம்பெனி சூப்பர்வைசர்."

"ஊருக்கெல்லாம் ஷூ அனுப்புறீங்க. உங்க வண்டில பிரேக் ஷூ தேஞ்சு போச்சும்மா!" சிரித்து ஓய்ந்தபின் சொன்னார்: "ஓட்டாதீங்க. பஸ்ல போங்க."

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். நான் கம்பெனிக்குள் நுழைந்தால் வழக்கமாக என் தையல் லைன் அமைதியாகிவிடும். இன்று கடைசி மெஷினில் உட்கார்ந்திருந்தவளிடமிருந்து, "க்ர்ர்ரீச்."

'சத்தம் போடாதீங்க' என்பது வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

மேனேஜர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தாமதமாக வந்ததற்குத் திட்டு விழும் என்று நின்றேன்.

"அந்தச் சத்தத்த இன்னொரு தடவ போடுங்கம்மா. என் கார்லயும் அதேதான் வருதான்னு பாக்கணும்."

போட்டேன். வெளியே மொத்த லைனும் கைதட்டியது.

காலையில் ரேடியோவில் உங்களில் யாரெல்லாம் கேட்டீர்கள்? உண்மையைச் சொல்லிவிடுங்கள்.