மூன்றே முக்கால் நிமிடம்

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் குருநாதன் கை பட்டால் சர்க்கரைப் பொங்கல் பதம் தப்பாது என்று பேர். அதே கை சாயங்காலம் மொட்டைமாடியில் என்ன செய்கிறது என்பது அடிவாரத்துத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்குப் புரியாது. மழை எப்போது வரும் என்று அவரை வழியில் நிறுத்திக் கேட்கிறவர்கள் உண்டு. "அது வேற டிபார்ட்மென்ட்டுங்க" என்பார்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த வருஷமே அப்பா தவறிவிட்டார். மடப்பள்ளியில் அவர் இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. குருநாதன் சான்றிதழைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. தொண்ணூற்றேழில் அந்தப் பெரிய வால்நட்சத்திரம் வந்து கெடுத்தது. படியிறங்கும்போது மேற்கே அதைப் பார்த்தவர், அது மறையும்வரை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சென்னையில் ஒரு வானியல் சங்கம், எட்டு மாதம் தானே தேய்த்த கண்ணாடி, அதை வைத்து ஒரு தொலைநோக்கி, யாரோ பழசாக விற்ற கேமரா, அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்று பத்து வருஷம் ஓடியது. மனைவி காமேஸ்வரி கேட்ட வாஷிங் மெஷின் மட்டும் வரவேயில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு நட்சத்திரம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். வியாழன் அளவுக் கோள் ஒன்று அதை ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு நாள் ஐந்து மணி நேரம்தான். ஒவ்வொரு சுற்றிலும் அது நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் நூற்றில் இரண்டரைப் பங்கு குறைந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பழையபடி ஏறிவிடும். கோள் கண்ணில் படாது. இந்தக் குறைவைத்தான் அளக்க முடியும். அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, வெளிச்சம் இறங்கி ஏறிய கோட்டின் நட்டநடு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அது கணக்குப்படி வந்தால் கோள் தனியாகச் சுற்றுகிறது. முன்னே பின்னே வந்தால், நமக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறதோ என்று சந்தேகிக்கலாம்.

நெதர்லாந்தில் ஒருவர் பல நாட்டு ஆர்வலர்களின் அளவுகளைச் சேர்த்து, அளந்தவர் பெயரோடு ஒரு பட்டியல் வெளியிட இருந்தார். அதில் ஒரு வரி வேண்டும் என்பதுதான் குருநாதனின் ஆசை. அந்த வரி வந்துவிட்டால், தான் இன்னும் இயற்பியல்காரன்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். பட்டியல் நவம்பரோடு மூடப்படுகிறது. ஐப்பசி முழுக்க மேகம். கார்த்திகை பிறந்து ஒரு புதன்கிழமைதான் வானம் திறந்தது. ஏழு மணிவாக்கில் ஆரம்பித்து ஒன்பதுக்குள் எல்லாம் அருமையாக முடிந்தது.

கணக்குப் போட்டால், கோள் மூன்றே முக்கால் நிமிடம் பிந்தியிருந்தது.

அவருடைய அளவில் பிழை ஒரு நிமிடத்தைத் தாண்டாது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அப்படியேதான் வந்தது. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மெயில் அனுப்பினார். திங்கட்கிழமை பதில் வந்தது: சுவாரஸ்யமாக இருக்கிறது, உங்கள் கடிகாரம் சரிதானா? குருநாதனுக்குச் சுருக்கென்றது. மின்சாரம் போய்ப் போய்க் கம்ப்யூட்டரின் கடிகாரம் நம்பத்தக்கதாக இல்லை என்பதால், வீட்டு டைம்பீஸைப் பார்த்துத்தான் அதைத் திருத்துவார். டைம்பீஸை ஞாயிறுதோறும் வானொலியின் பீப் ஒலிக்குச் சரிபார்க்கிறேன் என்று கொஞ்சம் விறைப்பாகவே எழுதிவிட்டு வீடு வந்தார்.

காமேஸ்வரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் அவளிடமே சொன்னார்.

"மூணே முக்கால் நிமிஷம் லேட்டா வந்துகீது. பக்கத்துல இன்னொண்ணு சுத்துதோ என்னமோ."

"எது லேட்டா வந்துது?"

"கோள்."

அவள் கை நின்றது. "எந்தக் கடியாரத்துல பாத்தீங்க?"

"நம்ம டைம்பீஸ்தான்."

"போன புதன்கெழமையா?"

"ஆங்."

காமேஸ்வரி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "கோளு ஒழுங்காத்தாங்க வந்திருக்கு. டைம்பீஸை நான்தான் முன்னால தள்ளி வெச்சேன்."

ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் கண் விழித்துவிட்டு, அந்தப் புதனுக்கு முந்தின வாரம் இரண்டு நாள் விடியற்காலை மடப்பள்ளிக்குப் பிந்திப் போயிருந்தார் குருநாதன். இன்னொரு தடவை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவர் சீக்கிரம் கிளம்பட்டும் என்று அவள் திங்கட்கிழமை முள்ளை முன்னே திருப்பினாள்; ஞாயிறு வானொலியில் தெரிந்துவிடும் என்று சனிக்கிழமை டி.வி.யைப் பார்த்துத் திரும்ப வைத்தாள். நடுவில் அவர் ஒரு நாளும் பிந்தவில்லை. ஞாயிறன்று வானொலிக்குப் பார்த்தபோது இருபது விநாடிதான் வித்தியாசம்.

"எவ்ளோ தள்ளி வெச்சே?"

"மூணு இருக்கும், நாலு இருக்கும். அளந்துகினா வெப்பாங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க அத்த கழிச்சிகினு தூங்குவீங்க. வேலை போனா நட்சத்திரமா வந்து சோறு போடும்?"

குருநாதன் அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் சாப்பிடவில்லை. மலையிலேயே ஒரு தொன்னைப் பொங்கலோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றே முக்கால் கழித்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடும். கடிகாரத்தில் சிறு பிழை, திருத்திய நேரம் இது என்று ஒரு வரி போதும், யாரும் கேட்கப்போவதில்லை. புதன்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அப்படித்தான் தட்டச்சு செய்தார். அனுப்பும் பொத்தானில் விரல் வைத்தும் அழுத்த முடியவில்லை. பொருந்த வேண்டிய நேரத்தைப் பார்த்துக் கழித்தால், அது அவர் அளந்த நேரமே இல்லை. மற்றவர்கள் அளந்ததை இவர் எடுத்து எழுதிய நேரம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, என் அளவைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று எழுதினார். எழுதும்போது கண் கலங்கியது. அனுப்பிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார்.

காமேஸ்வரி வாசலிலேயே கேட்டாள். "எழுதிட்டீங்களா?"

"எடுத்துடச் சொல்லிட்டேன்."

"காரணம் கேப்பாங்களே. பொண்டாட்டி கடியாரத்தைத் திருப்பிட்டான்னு எழுதினீங்களா?"

"கடியாரத்தை நான் சரியா பாக்கலன்னு எழுதினேன்."

"தப்பு பண்ணது நானு. எம் பேரைப் போட்டிருக்கலாம்ல" என்றாள்.

"எம் பேரே லிஸ்ட்டுல வரல. உம் பேரு மட்டும் எப்படி வரும்?"

காமேஸ்வரி சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. குருநாதன் உள்ளே போய், தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.