கடலுக்கு லீவு விட்ட ஞாயிறு

பிள்ளைகளே, நான் நெய்வேலி மைன்ஸில் ஷிஃப்ட் பார்த்தவன். என் மகள் கயல் ஒன்பதாவது சேர்ந்த புதிதில், கடலைக் கெடுக்காமல் கடலை வைத்துப் பிழைப்பது எப்படி என்று பள்ளியில் பேச வேண்டியிருந்தது. நான் சொல்லித் தருகிறேன் என்று அவளையும் இரண்டு தோழிகளையும் கடலூர் துறைமுகத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

போனால், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தன. மீன்பிடித் தடைக்காலம் என்பதையே மறந்திருக்கிறேன்.

"பூட்டுன கடைய காட்டவாப்பா கூட்டியாந்த?" என்று கயல் சிரித்தாள்.

"மீன் முட்ட போடற நேரம்மா. கடலுக்கு லீவு வுட்டாதான் குஞ்சு பெருகும்" என்று சமாளித்தேன்.

"மைன்ஸுக்கு எப்பப்பா லீவு?"

"அதுக்கு ஏதும்மா லீவு? மூணு ஷிஃப்ட்டும் ஓடுமே."

"அப்ப நிலக்கரி எப்ப வளரும்?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மூவரையும் கிளப்பினேன். எங்களுக்குச் சோறு போட்டதே அந்த நிலக்கரிதான். திரும்பும் பஸ்ஸில் சுண்டல் தின்றுகொண்டே மூவரும் பேச்சைத் தயாரித்தார்கள். மறுநாள் பள்ளியிலும் அதே கேள்வியோடுதான் முடித்தாளாம்.

இன்று கயலுக்கே ஒரு மகள் இருக்கிறாள். தடைக்காலத்தில் மார்க்கெட்டில் மீன் இல்லாவிட்டால் நான் முணுமுணுப்பதில்லை. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்புவேன். தூரத்தில் மைன்ஸின் இரைச்சல் கேட்கும்போது, கயலுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வரும்.